மந்திரி நாற்காலியும் கட்சிப் பிளவும்

கோடைக்கானலில் கோக்கர் நடைபாதையில், மூடுபனி விலகும் வேளையில் நின்று கீழே நோக்கினால், பழனி மலையின் அடிவாரத்தில் பெரியகுளத்துத் தோப்புகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தெரியும். அதற்கும் அப்பால், கண்ணுக்கெட்டாத தூரத்தில் உத்தமபாளையம் இருக்கிறது. அவ்வூர்ப் பிரமுகரான பி. டி. ராஜன் 1920-ஆம் வருஷத் தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபைக்குச் சென்றபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

அந்தத் தேர்தலை நாம் இப்போது எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்சிப் பிளவும் பதவிப் பூசலும் இக்காலத்துப் புது நோய்கள் என்று நேயர்களில் பலர் எண்ணுகிறார்கள். நோய் பழையது, நமது முதல் சட்டசபையுடனேயே பிறந்தது.

ஒத்துழையாமையை மேற்கொண்ட காங்கிரஸ் 1920 தேர்தலைப் பகிஷ்கரித்தது. நாலு கோடி ஜனங்கள் வசித்த மாகாணத்தில் வோட்டுரிமை பெற்றிருந்தவர் சுமார் 12 லட்சம் பேர்தான். அவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 25 பேரே வோட்டளித்தார்கள். இந்த மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்த கூலிக்காரனுக்கு வோட்டு இல்லை. அவன் மனைவிக்கோ அந்தப் பேச்சே இல்லை. (பெண்களுக்கும் வோட்டளிக்கலாம் என்று 1921-ல் தீர்மானித்தது அதே சட்டசபைதான் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.)

தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 ஸ்தானங்களில் 63 ஜஸ்டிஸ் கட்சிக்குக் கிடைத்தன. கவர்னர் வில்லிங்டன் பிரபு, கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரை மந்திரிசபை அமைக்க அழைத்தார். செட்டியார் மறுத்து, சுப்பராயலு ரெட்டியாரின் பெயரைச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரரேயானாலும் அந்த மறுப்பை நாம் மனமாரப் போற்றுகிறோம். நாற்காலி வலிய வந்தும் உட்காராதவர்கள் எத்தனை பேர்?

பின்னால் வந்தவர்களிடம் அந்தக் குணம் காணவில்லை. 1921-ல் ரெட்டியார் உடல் நலிவால் விலக, பனகல் ராஜா முதல் மந்திரியானார். மந்திரிகள் மூவரும் தெலுங்கர்களாகவே அமைந்ததால் தமிழ் அங்கத்தினர்கள் முணுமுணுத்தார்கள். 1923 தேர்தலுக்குப் பின் தமிழர் ஒருவருக்கு இடமளித்தும் புகைச்சல் அடங்கவில்லை. கட்சியை விட்டு விலகிய ஸி. ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் அவ்வருஷம் நவம்பரில் வோட்டுக்கு வந்தது. ஆதரித்தோர் 44, எதிர்த்தோர் 65. ஜனங்கள் தேர்ந்தெடுக்காத நியமன அங்கத்தினர்களின் கையும் மந்திரிசபைக்குத் துணையாக உயர்ந்தது! வெள்ளைக்கார ஆட்சியின் சூட்சுமம் முழுவதும் அதிலே அடங்கியிருந்தது.

இதைக் கண்டு, நமக்குத்தான் ஜனநாயகம் ஒத்துவரவில்லை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். 1845-ல் கோடைக்கானலில் முதன்முதலாக வீடு கட்டிக் குடியேறியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள். அவர்களுடைய தேசத்திலே, நியூயார்க் மாகாணத்தில், 1792-ல் ஜார்ஜ் கிளிண்டனும் ஜான் ஜேயும் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். மூன்று ஜில்லாக்களின் வோட்டுகள் முறைப்படி வந்து சேரவில்லை என்று, எண்ணும் கமிட்டியில் கிளிண்டன் பக்கத்தார் அவற்றைத் தள்ளிவிட்டார்கள். கிளிண்டன் 108 வோட்டில் ஜெயித்தார். ஜேயின் கட்சியார் கொதித்தெழுந்தார்கள். ஜேயோ அவர்களை அமைதிப்படுத்திப் பொறுத்திருந்து, 1795-ல் ஜெயித்துக் கவர்னரானார்.

நம் மாகாணத்தில் அவ்விதப் பொறுமை அபூர்வமாயிருந்தது. 1932-ல் சொந்தக் கட்சியாரே முனுசாமி நாயுடுவைக் கீழே இறக்கிப் பொப்பிலி ராஜாவை மேலே ஏற்றினார்கள். இரண்டு மந்திரிசபைகளிலும் உத்தமபாளையத்து ராஜன் இருந்தார். 1936-ல் பொப்பிலி ராஜா சீமைக்குப் போனபோது சில மாதம் முதல் மந்திரியாகவும் இருந்தார். அடுத்த வருஷமே காங்கிரஸ் வெள்ளம் கட்சியை அடித்துக்கொண்டு போயிற்று. 1944-ல் சேலத்தில் கட்சியின் பெயரே மாறியபோது, பழைய பெயரை விடமாட்டோம் என்று பிரிந்து நின்றவர்களில் ராஜனும் ஒருவர்.

வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டு வந்த பிறகு, 1952 பொதுத் தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சியின் பெயரால் ஒன்பது பேர் நின்றார்கள். எட்டுப் பேர் தோற்றார்கள். கம்பத்தில் மாத்திரம் ராஜன் ஜெயித்தார். 1920-ல் வோட்டில்லாதிருந்த கூலிக்காரனும் அவன் மனைவியும் இம்முறை வரிசையில் நின்றிருந்தார்கள்.