பணம் போச்சு, பதில் வரலை

துவாரகாவிலிருந்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்புகிறோம். இங்கே கணக்கில் கழிந்துவிட்டது, அங்கே வரவில்லை. ஆப்பில் 'பெண்டிங்' என்று நிற்கிறது. டில்லித் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. எல்லோரும் சொல்வது 'சர்வர் பிராப்ளம்'. எனக்கென்னவோ இது பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது.

யுபிஐயில் நாலு பேர் பேசிக்கொள்கிறார்கள்: நம் ஆப், நடுவில் என்பிசிஐ, நம் வங்கி, அம்மாவின் வங்கி. 'கழி', 'கழிச்சாச்சு', 'வரவு வை', 'வச்சாச்சு' என்று வரிசையாகப் போக வேண்டும். நாலு புரோகிராமையும் எழுதியது நாலு கம்பெனி. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்க, மற்றவர் 'என் வேலை முடிஞ்சுது' என்று போய்விட்டால்?

இதற்குக் கணினி அறிவியலில் ஒரு மருந்து உண்டு. பெயர் 'செஷன் டைப்'. சாதாரண டைப் என்றால் 'இந்த இடத்தில் எண்தான் வரணும், பெயர் வரக்கூடாது' என்கிற கட்டுப்பாடு. கோஹெய் ஹோண்டா என்ற ஜப்பானியர் 1993-ல் பேச்சு வார்த்தைக்கே டைப் கொடுத்தார். 'முதலில் தொகையை அனுப்பு. பிறகு சரி அல்லது இல்லை, ஒன்றை வாங்கு. சரி என்றால் ரசீது வாங்கு. இல்லையென்றால் முடி.' எதிர்முனையின் டைப் இதன் கண்ணாடிப் பிம்பம். இங்கே அனுப்பு என்றால் அங்கே வாங்கு.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதுசே இல்லை :-) ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு! வித்தியாசம் என்னவென்றால், டிரையல் பேலன்ஸ் எல்லாம் நடந்த பிறகு பார்ப்பது. இது புரோகிராம் ஓடுவதற்கு முன்பே பார்ப்பது. 2008-ல் ஹோண்டா, நொபுகோ யோஷிடா, மார்கோ கார்போனே மூவரும் இதைப் பலர் பேசும் உரையாடலுக்கு விரித்தார்கள். மொத்த நாடகத்தையும் ஒரே இடத்தில் எழுதி, அதிலிருந்து ஒவ்வொருவர் வசனத்தையும் பிரித்துக் கொடுப்பது.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலே கணக்கு சரி என்று சொல்ல முடியாதல்லவா? அதே போல இதுவும் வரிசையைத்தான் காக்கும், தப்பான ஆளுக்கு அனுப்பினால் தடுக்காது. அடிப்படைக் கோட்பாடு, செய்தி வழியில் தொலையாது என்றே எடுத்துக்கொள்கிறது. தொலைந்தால் என்ன செய்வது என்பது பின்னால் வந்த ஆராய்ச்சி.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. யுபிஐயில் அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நல்ல விதி. ஆனால் அது காயத்துக்குப் போடும் கட்டு. 'பதிலே வராவிட்டால்' என்ற கிளையையும் சேர்த்து மொத்த உரையாடலையும் டைப்பாக எழுதி, எல்லா வங்கியின் புரோகிராமும் அதில் தேறிய பிறகே இணைக்க வேண்டும் என்றும் விதி வர வேண்டும் என்பது என் கட்சி. டெஸ்டிங் போதாதா என்பீர்கள். டெஸ்டிங் நமக்குத் தோன்றிய வழிகளை மட்டும்தான் பார்க்கும்.

அதுவரைக்கும் ஒன்று. 'பெண்டிங்' என்றால் 'தோல்வி' இல்லை, பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். பதறிப்போய் உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். மறுநாள் தாண்டினால் அந்த 100 ரூபாயைக் கேளுங்கள், கூச்சப்படாமல்.