காடும் வேண்டும், கழனியும் வேண்டும்

காடழிந்தால் குளம் வற்றும். குளம் வற்றினால் குடி கெடும். இவ்வுண்மையை வன்னிக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கனகராயன் ஆற்றுக்கு நீரூட்டும் காடுகள் அழிந்தால் இரணைமடுவுக்கு வாழ்வில்லை என்பதை அவன் அறிவான். ஆகவே, காடுகளைக் காக்க வேண்டுமென்று அரசாங்கம் கூறும்போது நாம் அதனை எதிர்க்கவில்லை. யாரைக் கேட்டு, எந்த நீதியின்படி காப்பது என்பதே எமது வினா.

1956ஆம் ஆண்டில் இந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 வீதம் காடாக இருந்தது. 2010ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 30 வீதத்திற்கும் சற்றுக் குறைவு. இவ்வழிவு சேனைப் பயிர் செய்த ஏழையின் கோடரியால் மட்டும் நேர்ந்ததா? அரசாங்கமே வகுத்த குடியேற்றத் திட்டங்களும், 1970களின் பிற்பகுதியில் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் பெருங்காடுகளை விழுங்கின. சிங்கராஜ வனத்திற்கூட ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டினார்கள். பொதுமக்கள் எதிர்த்த பின்னரே 1977இல் அது நின்றது.

இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதற்கு 1990இல் தடை வந்தது. 1995இல் பிறந்த தேசிய வனக் கொள்கை, கிராம மக்களையும் பங்காளராகக் கொள்ள வேண்டுமென்றது. ஆனால் வன்னியில் நடப்பதென்ன? 2009இன் பின் ஊர் திரும்பியவர்கள் தம் வயல்களிற் பற்றை மண்டியிருக்கக் கண்டனர். அத்தகைய நிலங்கள் பலவற்றில் எல்லைக்கல் நாட்டி, வனமென்று உரிமை கோருகின்றது இலாகா. உறுதியைக் காட்டு என்கின்றது. வீட்டோடு பெட்டகத்தையும் இழந்தவன் உறுதிக்கு எங்கே போவான்? பயிரிடப்படாத நிலமெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென அனுமானித்தது 1840ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளையர் போய்விட்டனர், அவர்தம் அனுமானம் போகவில்லை.

பரிகாரம் அரசியலமைப்பிலேயே இருக்கின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றை விதித்தது. மண், மழை, வனப்பரப்பு ஆகியவற்றை நோக்கியே அது நிலக்கொள்கை வகுக்க வேண்டும். அரசியலோ இனமோ அதற்கு அடிப்படையாகலாகாது என்று தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றது. அந்த ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை.

அதனை உடனே அமைக்க வேண்டும். கச்சேரிப் பதிவுகளையும் குளத்துக் கமக்காரரின் சாட்சியத்தையும் கொண்டு, எல்லைகளை மக்கள் முன்னிலையில் மீள அளக்க வேண்டும். அதே வேளையில், முதிரையும் பாலையும் களவாகத் தறித்து விற்போர் நம்மவராயினும் தண்டிக்கப்பட வேண்டும். அவர்களுக்காக நாம் வாதாடமாட்டோம்.

காட்டுக்கு அருகே வாழ்பவனைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காத்த அரசு எங்குமில்லை. அவனுடைய வயலை அவனுக்குக் கொடுங்கள். காட்டுக்கு அவனே காவலாவான்.