அட்டை கொடுத்தாயிற்று, வழி சொல்வது யார்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் என்ற திட்டத்தை 2024 அக்டோபரில் ஒன்றிய அரசும் தொடங்கியது. காகிதத்தில் முதியவர்களுக்குக் குறையொன்றும் இல்லை.

ஆனால் அட்டை தானாக வேலை செய்யாது. எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது? நம் நோய்க்கான பிரிவுக்கு அதற்கு அனுமதி உண்டா? மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அட்டை ஏன் செல்லாது? திட்டத்தில் சேர்ந்த சிகிச்சைக்கே பணம் கேட்டால் யாரிடம் புகார் செய்வது?

சில வீடுகளில் இதற்கெல்லாம் ஒரு போன் போதும். சித்தப்பா வருவாய்த் துறையில் இருப்பார், மருமகள் மருத்துவராக இருப்பார். தலைமுறைகளாகச் சேர்ந்த இந்தச் சாதி மூலதனத்துக்குத்தான் 'விவரம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆயுள் முழுக்க ஒப்பந்தத் தூய்மைப் பணி செய்த ஒரு பாட்டிக்கு அப்படி யாரும் இல்லை. அவரை 'விவரம் தெரியாதவர்' என்பது, விவரம் புழங்கும் இடங்களிலிருந்து அவரைத் தள்ளிவைத்த வரலாற்றை மறைப்பது.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, மெடிகேர் காப்பீடு பெறும் முதியவர்களுக்கு மாநிலந்தோறும் அரசு நிதியில் இலவச ஆலோசனை தரப்படுகிறது. ஆலோசகர் காப்பீடு விற்பவர் அல்ல, கமிஷன் வாங்குபவரும் அல்ல. அங்கே நிறவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் உரிமையை விளக்கிச் சொல்வதும் அரசின் வேலை என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

இங்கே மருத்துவமனையின் காப்பீட்டு மேசை, உள்ளே வந்து சேர்ந்தவருக்குத்தான் பதில் சொல்லும். எங்கே போவது என்பதை அதற்கு முன்பே, வீட்டு வாசலில் சொல்ல ஆள் வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே சேரித் தெருக்களுக்கு மாத்திரையோடு போகிறார்கள். அவர்களுக்கே பயிற்சி கொடுக்கலாம். ஆனால் ஊக்கத்தொகையில் இன்னொரு சுமையாக ஏற்றாமல், முறையான ஊதியத்தோடு. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் ஓர் ஆலோசகர், பணம் கேட்ட மருத்துவமனைமீது புகார் எழுதித் தரும் பொறுப்போடு அமர வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். நம் தெருவில் எத்தனை முதியவர்களிடம் அட்டை இருக்கிறது, அதில் எத்தனை பேர் ஒருமுறையாவது பயன்படுத்தினார்கள் என்ற கணக்கோடு போவோம்.