எம்ஓயு பில்லிங் மேசையில் இருக்கட்டும்

2010 ஜூலையில் நான்கு அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மும்பை, டெல்லி, சென்னை, பெங்களூரு நகரங்களில் கேஷ்லெஸ் வசதியைப் பிபிஎன் எனும் விருப்ப மருத்துவமனைப் பட்டியலோடு சுருக்கிக்கொண்டன. பேசி முடித்த பேக்கேஜ் விலைக்குச் சம்மதித்தவர்களுக்கே பட்டியலில் இடம். பெரிய மருத்துவமனைகள் முரண்டுபிடித்தன. மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பக்கம் உள்ள சிறிய நர்சிங் ஹோம்களுக்கு அந்தப் பலம் ஏது? கையெழுத்துப் போட்டார்கள். போட்ட எம்ஓயு, அதாவது கட்டண ஒப்பந்தம், இன்றும் டாக்டரின் அலமாரியில்தான் கிடக்கிறது. வரவு வைக்கும் பில்லிங் ஊழியர் அதைக் கண்ணால் கண்டதில்லை. நம் தொழிலில் பணம் ஒழுகுகிற முதல் இடம் இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேக்கேஜ் 45,000 ரூபாய். முப்பது நாளுக்குள் பணம் தந்தால் 10 சதவீதத் தள்ளுபடி என்று எம்ஓயு சொல்கிறது. அறுபதாம் நாள் வங்கியில் ஏறியது 36,450. குறைவது 8,550. இதில் 4,050 டிடிஎஸ். க்ளெய்மைக் கையாளும் இடைநிறுவனமான டிபிஏ வழியாக வரும் பணத்திலும் அதைப் பிடித்தாக வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2009 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. அது நம் வரிக் கணக்கில் வரவாகும். மீதி 4,500 தள்ளுபடி. கெடு தாண்டிய பிறகு அதைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒரே வங்கிப் பரிமாற்ற எண்ணில் (யூடிஆர்) ஏழெட்டு நோயாளிகளின் பணம் மொத்தமாக வருவதால், ‘டிடக்‌ஷன்’ என்று எழுதி இரண்டையும் சேர்த்தே ரைட் ஆஃப் செய்துவிடுகிறோம்.

இதைவிட என்னை உறுத்துவது அறை வாடகை வரம்பைக் காட்டி மற்ற கட்டணங்களையும் விகிதப்படி வெட்டுவது. மருந்து, உள்வைப்புச் சாதனங்கள், பரிசோதனைக் கட்டணம், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் அப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020 ஜூனில் விதித்தது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையில் அந்த வெட்டுக்கே இடமில்லை. நம் சிறிய நர்சிங் ஹோம்கள் பலவும் இந்த வகைதான். அங்கே மருந்துக் கட்டணத்தில் வெட்டிய தொகையை டிஸ்சார்ஜ் நேரத்தில் யாரிடம் கேட்கிறோம்? தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளியின் மனைவியிடம். அவர் ஏற்கெனவே பிரீமியம் கட்டியவர். காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியதை அவரிடம் வாங்குவது அநியாயம். செட்டில்மென்ட் லெட்டரை வரிவரியாகப் படிக்காதவரை அந்த அநியாயத்தில் நமக்கும் பங்குண்டு.

இப்படிக் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கை இரு பக்கமும் பார்க்க வேண்டும். பேக்கேஜில் அடங்கிய கையுறைக்கும் டிரெஸ்ஸிங்குக்கும் நோயாளியிடம் தனியாக வாங்கியிருந்தால் அதையும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். நீங்கள் அதிகம் செய்யும் பத்து பேக்கேஜ்கள், ஒரு டிபிஏ, ஓர் எக்ஸெல் தாள்: எம்ஓயு விலை, வர வேண்டிய நாள், வந்த நாள், வந்த தொகை, டிடிஎஸ், மீதி. காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுதான் தருகிறது. எம்ஓயுவில் அதைவிடக் குறுகிய ஆட்சேபக் கெடுவும் இருக்கலாம். அதனால் பழைய க்ளெய்மிலிருந்து தொடங்குங்கள்.