மிச்ச மாத்திரையும் காலாவதி தேதியும்

மருந்தின் மேல் அச்சிடப்படும் காலாவதி தேதி, அன்று அது நஞ்சாகிவிடும் என்று சொல்வதில்லை. உறை பிரிக்காமல், சொன்ன முறையில் வைத்திருந்தால் அந்த நாள்வரை வீரியமும் தூய்மையும் குறையாது என்று தயாரிப்பாளர் தரும் உறுதிதான் அது. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை கணக்கு.

தேதி கடந்த மருந்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது அமெரிக்க ராணுவம். கிடங்குச் சரக்கைக் கொட்டி அழிக்கும் செலவைத் தவிர்க்க, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துடன் சேர்ந்து 1986-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. 2006-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 122 மருந்துகளின் 3,005 தொகுதிகளில் 88 சதவீதத்துக்கு ஆயுளைச் சராசரியாக 66 மாதம் நீட்டிக்க முடிந்தது. பழைய மாத்திரைக்கு வாதாடுவோர் தவறாமல் காட்டும் கணக்கு இது. ஆனால் அவை உறை பிரிக்காத, வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் வைத்த கிடங்குச் சரக்கு. மே மாதச் சென்னையில் சமையலறை அலமாரியில் கிடந்த அரை அட்டைக்கு அந்த 66 மாதம் பொருந்தாது.

வீட்டு மிச்சத்தில் பல நேரம் தேதியே இருப்பதில்லை. அட்டையின் ஒரு ஓரத்தில்தான் தேதியும் தொகுதி எண்ணும் இருக்கும். மருந்துக் கடையில் நான்கு மாத்திரை கேட்பவருக்கு அந்த ஓரத்திலிருந்து வெட்டிக் கொடுத்தால், மிச்சமுள்ள அட்டைக்கு அடையாளம் போய்விடுகிறது. மறு ஓரத்திலிருந்து வெட்டினால் கடையில் மிஞ்சும் அட்டை தப்பும். வாங்கிப் போகும் துண்டுக்கோ தேதியை உறையில் எழுதித் தருவதைத் தவிர வழியில்லை. பெயரும் தேதியும் தெரியாத மாத்திரையைக் காட்டி ‘சாப்பிடலாமா’ என்று கேட்டால், வேண்டாம் என்பதே விடை.

மருந்தின் வடிவத்தைப் பொறுத்தும் விடை மாறும். உலர்ந்த மாத்திரை தாங்கும். நீரில் கலந்தவை தாங்காது: தூளில் தண்ணீர் விட்டுக் கலக்கும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சிரப்புகள் பலவற்றுக்குக் குளிர்பதனப் பெட்டியிலும் 7 நாளே ஆயுள், திறந்த இன்சுலின் குப்பிகள் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வாரம். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை, கண்ணாடிப் புட்டியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினாலே வீரியம் இழக்கும். நெஞ்சுவலி வந்த நேரத்தில்தான் அது தெரியவரும். ஈரம் பட்ட ஆஸ்பிரின் மட்டும் வினிகர் வாசத்தால் தன்னைக் காட்டிக் கொடுக்கும். சிதைந்த மருந்து நேரடியாக நஞ்சானதற்கு எப்போதும் சொல்லப்படும் சான்று, 1960-களில் கெட்டுப்போன டெட்ராசைக்ளினால் ஏற்பட்ட சிறுநீரகப் பாதிப்பு.

கெடாத மிச்சமும் பாதுகாப்பானது என்று கொள்வதற்கில்லை. ஆபத்தில் பெரும்பங்கு இங்கேதான். முழங்கால் வலிக்கு எழுதிய டைக்ளோஃபெனாக் வீரியத்தோடு இருக்கலாம். அதை ஐப்பசிக் காய்ச்சலுக்குப் போட்டு, அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். அதை வாங்கியபோது இல்லாத சிறுநீரகக் கோளாறோ, புதிதாகச் சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரையோ இப்போது இருக்கலாம். மிஞ்சிய ஆன்டிபயாடிக் எந்த நோய்க்கும் முழு அளவு ஆகாது. டைஃபாய்டில் அப்படி இரண்டு வேளை போட்டுவிட்டு வருபவரின் ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமலே போகலாம். ஆகவே கடையில் மிச்ச மருந்தோடு ஒருவர் வந்து நின்றால், அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கும் முன் யாருக்கு, எதற்கு, எப்போது எழுதியது என்று கேட்பது நல்லது.

வேண்டாம் என்றபின் அதை எங்கே போடுவது என்பதும் கேள்வியே. 2025-இல் இந்திய மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், ட்ரமடால், ஃபென்டானில், டயஸிபாம் உள்ளிட்ட 17 மருந்துகளைப் பிறர் கைக்குப் போகாதபடி கழிப்பறையில் கொட்டி நீர் விடச் சொல்கிறது. மற்றவற்றைச் சாக்கடையில் விடக்கூடாது. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பெட்டி இல்லாத ஊரில், அவை மறுபடி அலமாரிக்கே போகின்றன.