மெக்கர் நல்லாத்தான் காட்டுச்சு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்த ஆலையின் மின் அறைக்குப் போனாலும் இந்த வேதவாக்கு காதில் விழும்: "மெக்கர் போட்டாச்சு சார், கிகா ஓம் காட்டுது. ஆன்டெனாவெல்லாம் எதுக்கு?" மெக்கர் என்பது மின்காப்பின் தடையை அளக்கும் கருவி; ஆன்டெனா, காப்பில் வரும் பழுதின் ரேடியோ அலையைப் பிடிக்கும் சென்சார். இந்த வாக்கை இருபது வருடமாகக் கேட்கிறேன். இந்த மார்ச் 4, பாதுகாப்பு தினக் கூட்டத்தில் ஒருவர் மேடையேறியே சொன்னார். கைதட்டல் வேறு.

11 கேவி லைனில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே 6.35 கேவி, அலையின் உச்சம் கிட்டத்தட்ட 9. நீங்கள் மெக்கரில் கொடுப்பது 5 கேவி, அதுவும் டிசி. கேபிள் முனையில், எக்ஸ்எல்பிஈ பிளாஸ்டிக் உறைக்குள் கடுகளவு காற்றுக்குமிழி இருந்தால், ஏசியில் பிளாஸ்டிக்கைவிட அந்தக் காற்றின் மீதுதான் கூடுதல் மின்புலம் விழும். தாங்கும் சக்தியோ காற்றுக்குத்தான் குறைவு. அரைச்சுற்றுக்கு அரைச்சுற்று, குமிழிக்குள் குட்டி மின்னல். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை அது மாதக்கணக்கில் அரிக்கும். கடைசி இழை மிச்சமிருக்கும்வரை மெக்கர் கிகா ஓம்தான் காட்டும். அது அறுந்த அன்று பூஜ்யம் காட்டும். அதைப் பார்க்க பேனல் கதவு இடத்தில் இருக்க வேண்டுமே.

ஒரு ஆலையில் வெடித்த பேனலின் பக்கத்து முனையைப் பிரித்தோம். விபூதி மாதிரி வெள்ளைப் பொடி, அதனடியில் மரக்கிளைபோலக் கருகல். மெக்கர் பதிவேட்டில் அதற்கும் டிக் அடித்திருந்தார்கள்.

அந்த மின்னல் ஒவ்வொன்றும் நானோநொடிகளில் முடிவதால் ரேடியோ அலையாகக் கசியும். ஆன்டெனா சென்சார் பிடிப்பது அதைத்தான், 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3 கிகாஹெர்ட்ஸ் வரை, ஷட்டவுன் கேட்காமல். புது மாயம் இல்லை. ஆவடியில் எங்கள் வீட்டு மீடியம் வேவ் ரேடியோ மழைநாளில் கரகரத்தால் அப்பா திட்டுவது தெருமுனை இன்சுலேட்டரைத்தான்.

"ஏரியா முழுக்க செல்போன் டவர், சிக்னல் குழம்பும்" என்பார்கள். 900, 1800 மெகாஹெர்ட்ஸ் இடையில் வருவது நிஜம். ஆனால் டவர் 50 ஹெர்ட்ஸ் தாளத்துக்கு ஆடாது, பழுது ஆடும். கேஸ் நிரப்பிய ஜிஐஎஸ் சுவிட்ச்கியரில் உலோக உறையே வெளிச் சிக்னலுக்கு வேலி. ஸ்காட்லாந்தின் டார்னஸ் அணுமின் நிலையத்தில் 1980களிலேயே இப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மின்னலின் அளவு, பிகோகூலும் கணக்கு, இதில் நேராக வராது" என்பார்கள். வராதுதான். விலை? வெடித்த பேனலின் பில்லை எடுத்துப் பாருங்கள்.

அன்று கூட்டத்தில் மேடையேறியவரிடம் இந்த 5, 9 கணக்கைக் கேட்டேன். "டீக்கு அப்புறம் பேசலாம் சார்" என்றார். டீ வந்தது, போண்டாவும் வந்தது. அவர் வண்டி ஏற்கெனவே பூந்தமல்லி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.