கால் ஊன்ற ஓர் இடம்



சென்ற ஆவணியில் ஒரு மழை நாள். மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்து பிரம்மதேசம் திரும்பிய தாயொருவரைக் கடுங்காய்ச்சலோடு நமது காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, கால்களைத் தரையில் படாமல் தூக்கியவாறே அமர்ந்திருந்தார். "கால் முழுக்க உப்புச் சேறு, சாமி, வண்டி கெட்டுவிடும்" என்றார். தரையில் நாம் ஆசையோடு விரித்திருந்த கம்பளத்தைக் கண்டு நாணினோம்.

அடுத்த வாரமே திண்டிவனம் சென்று, ஓரம் உயர்ந்த ரப்பர் விரிப்புகள் வாங்கினோம். உப்பளக் கரைக்கு இவையே ஏற்றவை. கம்பளம் உப்புநீரை உறிஞ்சும். உப்போ காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். ரப்பரில் தேங்கும் நீரைக் கொட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்திவிடலாம். வாங்குவோர் தங்கள் காருக்கென்றே அமைந்ததைக் கேட்டு வாங்குக. பழையதன்மேல் புதியதை விரிக்காதீர். ஓட்டுநர் பக்கத்து விரிப்பைக் கொக்கியில் மாட்டுக. நழுவினால் பிரேக்கை அழுத்தவிடாது; உயிருக்கே ஆபத்து.

நம் ஆண்டவர் சீடரின் கால்களைக் கழுவியபோது, 'முதலில் தூய்மையாகி வாருங்கள்' என்று சொல்லவில்லை, தாமே குனிந்தார். நம் குழம்பில் கரையும் உப்பு, அத்தகைய சேற்றுக் கால்களின் உழைப்பன்றோ? ஏழையர் தயங்காமல் கால் ஊன்றக்கூடியதாய் நம் இல்லம் இருக்கிறதா? இம்மாதம் குடும்ப செபத்தின்போது இதைச் சற்றே சிந்திப்போமாக.